குடவோலையும் கணக்கும்

அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் ஒரு குடம் வருகிறது. மருதன் இளநாகனார் பாடியது, பாலைத் திணை. போரில் விழுந்து கிடக்கும் மறவனின் குடலைச் சிவந்த காதுள்ள எருவை ஒன்று வெளியே இழுக்கிறது. இதற்குக் கவிஞர் தேடிப் பிடித்த உவமை, கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தைத் திறந்து உள்ளேயிருக்கும் ஓலைகளை எடுக்கும் ஆவண மாக்கள். தமிழரின் ஜனநாயகத் தொன்மையைப் பேசவருகிறவர்கள் இந்தப் பாட்டை மறக்காமல் மேற்கோள் காட்டுகிறார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு கழுகை விட்டுவிடுகிறார்கள். பாட்டுக்குள் தேர்தல் என்ற பேச்சே இல்லை. அந்த ஓலைகளில் என்ன எழுதியிருந்தது என்றும் இல்லை. ஒரு பிணத்தின் வயிற்றைப் பார்த்ததும் அதிகாரிகளின் குடம் நினைவுக்கு வந்த ஒரு மனம் மட்டும் இருக்கிறது. இளநாகனாரை அரசியல் விமர்சகர் ஆக்குவது என் நோக்கமில்லை. உவமையை அந்தக் குடலைப்போல் இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. ஆனால் நம் சரித்திர உணர்வு எதைக் கையில் எடுக்கிறது, எதைக் கீழே போடுகிறது என்பதற்கு இது நல்ல ஆரம்பம்.

இந்தக் குடம் கல்லில் வந்து உட்கார்ந்த இடம் உத்தரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகள் இரண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14-ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. அதாவது 919, 921. வெங்கய்யா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். நீலகண்ட சாஸ்திரி 1932-இல் சோழர் நிர்வாகம் பற்றிய தன் ஆய்வுகளைப் புத்தகமாக்கியபோது இவற்றுக்கு உரிய இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு பாடப்புத்தகம், மேடை, மலர் என்று குடவோலை பரவிவிட்டது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் பேசும்போதும் உத்தரமேரூர் வந்தது. இத்தனை பேர் கையில் புரண்ட ஒரு பிரதியை நாம் படித்திருக்கிறோமா என்பது வேறு விஷயம்.

நான் வங்கிக் குமாஸ்தா. சரித்திரம் என் துறை இல்லை. ஆனால் ஒரு சுற்றறிக்கை ஏன் வந்தது என்று ஊகிக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் தானாக வந்துவிடும். ‘பெட்டகத்தைத் திறக்கும்போது இரண்டு பேர் இருக்கவேண்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், எங்கோ ஒருவர் தனியாகத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டே வருஷத்தில் அதே விஷயத்துக்கு முன்னதைவிட நீளமான இன்னொரு சுற்றறிக்கை வந்தால், முதலாவது பலிக்கவில்லை என்று அர்த்தம். 919-க்கும் 921-க்கும் நடுவில் உத்தரமேரூரில் ஏதோ நடந்திருக்கிறது. முதல் கல்வெட்டில் முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த வயது, இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆகிறது. தகுதிக்குறைவுகளின் பட்டியல் நீண்டுபோகிறது. இரண்டு தடவையும் அரசனின் அதிகாரி ஒருவர் சபையில் உடனிருக்கிறார். இரண்டு தடவையும் வேறு வேறு ஆள். துஷ்டர்கள் ஒழிந்து மற்றவர்கள் செழிக்கவே இந்த ஏற்பாடு என்று கல்வெட்டே சொல்லிவிடுகிறது. துஷ்டர்கள் இல்லாத ஊரில் இதைக் கல்லில் வெட்டவேண்டியதில்லை.

921-ஆம் வருஷத்து நடைமுறையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயருள்ள வாயோலை சேர்த்துக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடவேண்டும். சபை முழுவதும் கூடவேண்டும், இளையோரும் முதியோரும். அன்று ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்துக்குள் உட்காரவேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி, மேலே பார்த்துக்கொண்டு குடத்தைத் தூக்குகிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு பையன் ஒரு கட்டை எடுக்கிறான். அது இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கப்படுகிறது. அதிலிருந்து அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்கவேண்டும். வாசித்த ஓலையை நம்பிமார் எல்லோரும் மறுபடியும் வாசிக்கவேண்டும். அதன்பிறகே பெயர் எழுதப்படும்.

அந்த விரித்த உள்ளங்கையில்தான் எனக்குக் கண் நிற்கிறது. விரல் இடுக்கில் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விதி. இதில் ஆதர்சம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒருவரையொருவர் நன்றாக அறிந்த மனிதர்கள், அப்படி அறிந்திருப்பதனாலேயே நம்பாத மனிதர்கள், ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டு ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழம்பெருமை பேசுகிறவர்கள் காட்டுகிற சித்திரத்தைவிட இது எனக்கு அதிக மரியாதைக்குரியதாகப் படுகிறது.

இப்படி வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியும் தோட்டமும்தான் ஆட்சி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பொன்னின் மாற்றைக் கவனிக்கப் பொன் வாரியம் என்று தனியாக உண்டு. முந்நூற்றறுபது நாள் ஆனதும் வாரியத்தார் இறங்கிவிடவேண்டும். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவன் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் போகாது. அவனோடு நிற்கவில்லை: அவன் சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவு முறைகளைச் சொல்லி அவர்களையும் விலக்குகிறது கல்வெட்டு. கணக்கெழுதுகிறவனும் தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டிச் சரியென்று ஒப்பியபிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். மகாபாதகம் செய்தவனும் கள்ளக் கையெழுத்திட்டவனும் கழுதை ஏற்றப்பட்டவனும் பிறகு வருகிறார்கள். எனக்குப் புரிகிற அளவில் இந்தக் கல்வெட்டின் மையப் பொருள் கணக்கு. தேர்தல் அதற்காக வந்தது. ஓலையும் குடமும் கண்ணுக்கு அழகான பொருள்களானதால் நாம் அவற்றோடு நின்றுவிட்டோம்.

கணக்கை யாரிடம் காட்டுவது? சபையிடம். சபையில் யார் இருந்தார்கள்? இங்கே நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதி மங்கலம், பிராமணர்களின் ஊர். வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்குமேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்கவேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் அறிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று சிறிய சலுகை. அந்த நிலத்தில் இறங்கி உழுதவனுக்கு ஓலை கிடையாது. பெண்ணுக்குக் கிடையாது. பிராமணரல்லாத நிலக்காரர்களுக்கு ‘ஊர்’ என்ற அவை வேறிடங்களில் இருந்தது. ஆனால் சபைகளைப்போல் ஊர்கள் தம் விதிகளை இவ்வளவு விரிவாகக் கல்லில் எழுதி வைக்கவில்லை. எழுதிவைத்தவன்தான் சரித்திரத்தில் ஜனநாயகவாதி ஆகிறான். இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, திருநெல்வேலிப் பக்கம் மானூரில், சபையில் எதற்கெடுத்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவனுக்கும் அவனுக்குத் துணைபோகிறவனுக்கும் ஐந்து காசு தண்டம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கல்வெட்டு இது. இன்றைய இலக்கியக் கூட்டங்கள் பலவற்றில் இதை வெட்டி வைக்கலாம். ஆனால் மறுப்பதற்கே தண்டம் என்பது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை.

ஒரு சொல்லைக் கவனியுங்கள். உத்தரமேரூரின் முப்பது குடும்புகளும் பன்னிரண்டு சேரிகளில் அடங்கியவை. சேரி என்றால் அங்கே பிராமணர் குடியிருந்த பகுதி. ஒரு நூற்றாண்டு தாண்டுவதற்குள், ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய இடங்களின் வரிசையில் குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் அருகே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. பிறகு அந்தச் சொல் ஒரு பக்கமாகவே நகர்ந்து, ஊருக்கு வெளியே போய் நின்றுவிட்டது. ஊர், சேரி என்று இன்று நாம் சொல்கிறபோது இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிடக்கிறது. தமிழ்ச் சொல்லின் பொருள் மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இதைவிடப் பயங்கரமான ஒரு மாற்றத்தை எனக்குக் காட்டமுடியுமா என்று தெரியவில்லை.

நடுவில் பல நூற்றாண்டுகளை நான் தாண்டிப்போகிறேன். நாயக்கர் காலமும் நவாப் காலமும் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. வெள்ளைக்காரன் வந்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று எழுத்தில்: 1830-இல் சார்லஸ் மெட்காஃப் இந்தியக் கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று ஒரு குறிப்பு எழுதினார். வடக்கே நிலவரியைக் கிராமத்தோடு பேசித் தீர்ப்பதா, தனி ஆளோடு தீர்ப்பதா என்ற வாதத்தில் எழுதப்பட்ட வாக்கியம் அது. வரி விஷயம் உதிர்ந்து வாக்கியம் மட்டும் தேசிய இயக்கத்தின் சொத்தாயிற்று. மற்றது நிலத்தில்: சென்னை ராஜதானியில் மன்றோவின் ரயத்வாரி முறை ஒவ்வொரு பட்டாதாரனையும் தனியாகச் சர்க்காரோடு கட்டிவைத்தது. கர்ணத்தின் கணக்கு மேலே போயிற்று, தாலுகாவுக்கும் கலெக்டருக்கும். பக்கத்தில் இருக்கிறவனுக்குக் காட்டவேண்டியிருந்த கணக்கு, மேலே இருக்கிறவனுக்குக் காட்டுகிற கணக்காயிற்று. கர்ணம் பதவியோ பரம்பரையாகவே வந்துகொண்டிருந்தது. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால்தான் அது இங்கே முடிந்தது. தாத்தா எழுதிய கணக்கை அப்பாவும், அப்பா எழுதியதைப் பிள்ளையும் வைத்திருந்த ஊர்களில், கணக்குக் காட்டாதவனின் மைத்துனனைக்கூட விலக்கிய கல்வெட்டை யார் நினைத்திருப்பார்கள்?

நகரத்தின் கதை வேறு மாதிரி. சென்னை மாநகராட்சி 1687 டிசம்பர் சாசனத்தால் உண்டாகி 1688 செப்டம்பர் 29-இல் பதவியேற்றது. லண்டனில் இருந்த கம்பெனிக்காரர்களின் கணக்கு எளிது: வரியைக் கம்பெனி போட்டால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள், அவர்களில் பெரியவர்களே போட்டால் கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு ஆல்டர்மென்களும் அங்கியும் ஊர்வலமும் வந்தன. வரி அவ்வளவு சுலபமாக வரவில்லை. 1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சியை ஜனங்களின் அரசியல் கல்வி என்று சொன்னார். மனப்பூர்வமாகச் சொன்னார் என்றே நினைக்கிறேன். 1884-இன் சட்டப்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்று மூன்றடுக்கு வந்தது. ஜில்லா போர்டின் தலைவர் நெடுநாளைக்குக் கலெக்டர்தான். அப்படியும் காரியங்கள் நடந்தன: தஞ்சாவூர் ஜில்லா போர்டு 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயிலே விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தமிழ் அரசியல் இந்தச் சாக்கடைக் கமிட்டிகளில்தான் நடை பழகியது. ராஜாஜி சேலம் நகராட்சியிலும் ஈ.வெ.ரா. ஈரோடு நகராட்சியிலும் சேர்மனாக இருந்தார்கள், ஏறக்குறைய ஒரே சமயத்தில். குழாய்த் தண்ணீரும் தெரு விளக்கும் இருவருக்கும் தெரியும். பின்னால் வந்த நம் தலைவர்களில் பலருக்குச் சினிமாக் கொட்டகையும் மைதானமும் அந்த இடத்தில் அமைந்தன.

1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் வாக்கியத்தை எடுத்துவைத்து உடைத்தார். கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையின் சாக்கடை என்ற பொருளில் அவர் பேசியது அன்று பலருக்கு வலித்தது. பதினெட்டு நாளில், நவம்பர் 22-இல், சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கவேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் வாதிடாமல் ஏற்றுக்கொண்டார். அது 40-ஆவது ஷரத்தாயிற்று. கோர்ட்டில் கேட்கமுடியாத வழிகாட்டும் நெறிகளில் ஒன்று. காந்தியின் கிராமமும் அம்பேத்கரின் கிராமமும் இப்படி ஒரே புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் என்று சொல்லலாமா?

பார்த்துக்கொண்ட இடம் மேலவளவு. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாட்டுச் சட்டம் 1994-இல் வந்து, 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. தலித்துகளுக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. முதல் தடவையாக, ஓலை இல்லாதவனின் பெயரைக் குடத்துக்குள் சட்டம் வலிந்து போட்டது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி, பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவரும் துணைத் தலைவர் மூக்கனும் இன்னும் நால்வரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து வருஷம் ஊராட்சித் தலைவரே நிலைக்கவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்தால், ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் வந்தார்கள். கவனிக்கவேண்டியது, இந்த ஊர்களில் ஊர்க் கூட்டங்கள் இல்லாமல் இல்லை. கூடிப் பேசி, ஒருமனதாகத் தீர்மானித்து, தீர்மானத்தைக் காப்பாற்றினார்கள். ஸ்தல சுயாட்சி என்று எதைச் சொல்கிறோமோ அதன் சகல லட்சணமும் அந்தத் தீர்மானத்துக்கு இருந்தது. மெட்காஃப் பார்த்திருந்தால் தன் வாக்கியம் நிரூபணமாயிற்று என்றிருப்பார்.

பதவியை ஏலம் விடுவதும் உண்டு. தலைவர் பதவிக்கு இத்தனை லட்சம், பணம் கோயில் திருப்பணிக்கு. குடவோலையின் பேரப்பிள்ளைகள் நடத்துகிற இந்த ஏலத்தில் ஒரு நாணயம்கூட இருக்கிறது: எல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி நடக்கிறது.

கிராம சபை வருஷத்துக்கு நான்கு நாள் கூடவேண்டும், 2022-க்குப் பிறகு ஆறு நாள். வரவு செலவை அங்கே வைக்கவேண்டும். சபை கூடிக் கணக்குக் கேட்பது என்ற 921-இன் ஏற்பாடு இப்படி, இந்தத் தடவை நிலமோ வேதமோ கேட்காமல், ஓட்டுள்ள அத்தனை பேருக்குமாகத் திரும்பி வந்திருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் தேர்தலே நடத்தாமல் இருப்பது சௌகரியமாக இருக்கிறது. 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தபிறகு, 2019 டிசம்பர்வரை கிராமங்களிலும், 2022 பிப்ரவரிவரை சென்னை உள்பட நகரங்களிலும் தனி அலுவலர்களே ஆண்டார்கள். 2025 ஜனவரியில் அந்த 2019 தேர்தலில் வந்தவர்களின் காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். முந்நூற்றறுபது நாளில் இறங்கு என்று உத்தரமேரூர் சொன்னது ஆட்களுக்கு. இங்கே ஸ்தாபனமே இறங்கிக்கொள்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2014-இல், ஒரு தாலுகா ஊரின் கிளையில் இருந்தேன். சுற்றுப்பட்டு ஊராட்சிகளின் கணக்குகள் எங்களிடம். ஊராட்சிச் செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், தலைவர் ஒன்று, துணைத் தலைவர் ஒன்று. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. சட்டம் எழுதியவர்கள் ஒருவர் கையை மற்றவர் பார்க்கட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் அதில் குறை காணமாட்டேன், விரித்த உள்ளங்கையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு.

ஒரு ஊராட்சியின் தலைவர், ஒதுக்கீட்டில் வந்த தலித் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், தண்ணீர்த் தொட்டி மோட்டார் ரிப்பேருக்காக ஒரு செக் கொண்டுவந்தார். அதிகாரியிடம் போகாமல் நானே பாஸ் செய்யக்கூடிய தொகை. அவர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போட்டது, பொருந்தியது. துணைத் தலைவருடையது திரையில் இருந்த மாதிரியோடு பொருந்தவில்லை. திருப்பிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்தார். மறுபடியும் பொருந்தவில்லை, இந்தத் தடவை வேறு விதமாக. “போட மாட்டேன்னு அவரு சொல்லலையே தம்பி, என் கண்ணு முன்னாலதான போட்டாரு” என்றார். நான் விதியைச் சொன்னேன். ஊரில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் செக்கை நாலாக மடித்து, பிறகு மடிக்கக்கூடாது என்று நினைவு வந்ததுபோல் பிரித்து, நீவி, பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மூன்று மணிக்குத் துணைத் தலைவர் தன் சொந்தக் கணக்கில் பணம் எடுக்க வந்தார். சீட்டில் இருந்த கையெழுத்து மாதிரியோடு சுழி பிசகாமல் பொருந்தியது. எண்ணிக் கொடுத்தேன். “வரட்டுமா தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.